நூல் ஆடணுமுங்க

துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி, டேபிள் ஃபேனுக்கு முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறார் இந்துமதி. எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்து பேக்கரியில் மாலைக் கூட்டம். டீ ஆறிக்கொண்டிருக்கிறது, பப்ஸ் மேல் ஈ உட்காரப் பார்க்கிறது. அவர் கண் நூலின் நுனியை விட்டு அகலவில்லை. நூல் கொஞ்ச நேரம் நேராக நிற்கிறது, திடீரென்று துள்ளுகிறது, பிறகு ஃபேன் பக்கமாகவே திரும்பி நிற்கிறது. "பாருங்க, இங்க காத்து திரும்பி வருதுங்க. அந்த பிஸ்கட் ஸ்டேண்டு தடுக்குது," என்கிறார். கல்லாவில் இருப்பவர் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறார். அவருக்கு இது தினசரிக் காட்சி.

இந்துமதியிடம் ஓரம் முழுசாக உள்ள துப்பட்டா ஒன்றுகூடக் கிடையாது. கைப்பையில் சிவப்பு நூல் சுற்றிய குட்டிக் கோன் ஒன்று எப்போதும் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்குத் துப்பட்டாதான் கைக்கு வருகிறது. பேருந்து ஜன்னல், ஏ.சி. வைத்த நகைக்கடை வாசல், கல்யாண மண்டபத்தின் ராட்சத ஃபேன் என்று ஓரிடத்தையும் விடமாட்டார். ஒரு தடவை வங்கியில் வரிசையில் நின்றபோது முன்னால் நின்றவரின் சட்டைக் காலரில் தொங்கிய நூலைப் பிடுங்கி, அவரிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார். நான்தான் சமாதானம் செய்தேன்.

என்ன வேலை என்று கேட்டால், "காத்தும் தண்ணியும் எப்படிப் போகும்னு கணக்குப் போடறதுங்க" என்பார். படித்து முடித்ததும் உடுமலைப்பேட்டைப் பக்கம் காற்றாலைக்காரர்களிடம் வேலை. ஒரு காற்றாலை கலக்கிவிட்ட காற்று, பின்னால் நிற்கும் காற்றாலையை என்ன பாடு படுத்துகிறது என்று கணிக்க வேண்டும். இப்போது சொந்தத் தொழில். நூல் கடை மாடியில் ஓர் அறை, இரண்டு கம்ப்யூட்டர். சாய மெஷினுக்குள் தண்ணீர் எப்படிப் பாய்ந்தால் துணி முறுக்கிக்கொள்ளாது, துணி பின்னும் நிட்டிங் ஹாலில் பஞ்சு எந்த மூலையில் போய்ச் சேரும் என்று கேட்டு ஆட்கள் படியேறி வருகிறார்கள். சொந்த ஊரான கொமரலிங்கத்துச் சொந்தக்காரர்கள் மட்டும் இதை "ஃபேன் வேலை" என்று புரிந்துவைத்திருக்கிறார்கள். ஒரு கல்யாணச் சீர் வீட்டில் ஓடாத ஃபேனைத் தூக்கிவந்து அவர் மடிக்கு நேராக வைத்தே விட்டார்களாம். இவரும் முகம் சுளிக்காமல் ஸ்க்ரூ டிரைவர் கேட்டிருக்கிறார்.

கம்ப்யூட்டர் கணக்குப் போடுவதை அவர் "வேகுது" என்றுதான் சொல்வார். ஒரு கூடத்தையோ தொட்டியையோ லட்சக்கணக்கான குட்டிப் பெட்டிகளாக நறுக்கிப் போடுகிறார். ஒவ்வொரு பெட்டியும் பக்கத்துப் பெட்டியிடம் எவ்வளவு காற்று வந்தது, எவ்வளவு போனது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். எல்லாப் பெட்டிகளும் ஒத்துப்போகும்வரை ராப்பகலாக ஓடும். யாராவது போனில் அவசரப்படுத்தினால், "இன்னும் வேகலீங்க. இப்ப எறக்குனா வயித்த வலிக்குமுங்க" என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிடுவார்.

எனக்குக் கணக்கு பள்ளிக்கூட நாளிலிருந்தே ஆகாது. ஆனாலும் அவர் பயம் என்னவென்று புரிகிறது. காற்று ஒழுங்காகப் போகிற சாதி இல்லை. பெரிய சுழல், அதற்குள் சின்னச் சுழல், அதற்குள் பொடிச் சுழல் என்று கலங்கிக்கொண்டே போகிறது. பொடிகள் ஒவ்வொன்றையும் பிடித்துக் கணக்கிட அந்த மாடி அறைக் கம்ப்யூட்டர்களால் ஆகாது. எனவே பொடிகளையெல்லாம் சேர்த்துச் சராசரியாக்கி, ஒரு தோராயச் சூத்திரத்தில் அடைக்கிறார்கள். உலகம் முழுக்க அப்படித்தானாம். இவருக்கு மட்டும் அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

"ஆவரேஜ் செரியா வருமுங்க. மனுசன் ஆவரேஜ் காத்தையா இழுக்கறான்? அவன் மூஞ்சிக்கு நேரா அந்நேரம் என்ன வருதோ அதைத்தான்ங்க இழுக்கறான். அதனால கம்ப்யூட்டர் படம் என்ன சொன்னாலும் செரி, நூல் ஆடணுமுங்க."

காற்றுக் கணக்குக்குள் அவர் எதற்காக மனிதனின் மூச்சைக் கொண்டுவந்தார் என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. போன மாதம் ஒரு சாயப்பட்டறைக்கு அவரோடு போனபோது புரிந்தது.

பட்டறையின் நிலத்தடிக் கழிவுநீர்த் தொட்டியில் பம்ப்பின் வாய் அடைத்துக்கொண்டிருந்தது. லாரி வந்து தண்ணீரை உறிஞ்சிவிட்டுப் போய்விட்டது. பஞ்சும் சாயச் சேறும் சேர்ந்து இறுகிய கட்டியை மட்டும் அசைக்க முடியவில்லை. தொட்டியின் நடுவே ஒரு தடுப்புச் சுவர், சுவருக்கு அப்பால் மூலையில் பம்ப். ஓர் ஆள் இறங்கித்தான் எடுக்க வேண்டும். அந்த ஆள் வீரணன், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்காரர், பட்டறையின் பம்ப் மெக்கானிக், முப்பது வயசு இருக்கும்.

அந்தச் சேற்றிலிருந்து விஷவாயு கிளம்பும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். "நாத்தம் நின்னுபோச்சுன்னா கேஸ் போயிருச்சுன்னு நெனைக்கக் கூடாதுங்க. ஜாஸ்தியானா மொதல்ல மூக்குதான் செத்துப்போகும்," என்றார் இந்துமதி. வாசலில் யாரோ பூஜைக்கு எடுத்துவைத்திருந்த சூடத்தையும் தீப்பெட்டியையும், உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த வாயுவுக்குத் தீயும் ஆகாதாம்.

ஏற்பாடுகளில் குறையில்லை. இடுப்புப் பெல்ட், காற்றுக்குழாய் வைத்த முகமூடி, மேலே கயிறு பிடிக்கத் திடமான இரண்டு பேர். தொட்டியின் ஒரு வாய் வழியாக ப்ளோயர் நல்ல காற்றை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. கெட்டது மறு வாய் வழியாக வெளியேற வேண்டும். குழாயை எங்கே வைக்க வேண்டும், மூலை வரைக்கும் சுத்தமாக எத்தனை நேரம் ஓட வேண்டும் என்பதெல்லாம் இந்துமதியின் கணக்கு. லேப்டாப்பில் படம் ஓடியது. சிவப்பு என்றால் விஷவாயு, நீலம் என்றால் நல்ல காற்று. சிவப்பு மெல்ல மெல்லக் கரைந்தது. கடைசியாகச் சுவருக்கு அப்பால் இருந்த மூலையும் நீலமானது.

பட்டறை முதலாளி வெள்ளியங்கிரி எட்டிப் பார்த்தார். "அம்மிணி, முச்சூடும் நீலமாயிருச்சுங்களே. ஆளை எறக்கலாமுங்களா?"

"செத்த இருங்ணா."

கோனிலிருந்து சிவப்பு நூலை உருவி, ஒரு மூங்கில் குச்சியின் நுனியில் கட்டினார். காற்று வெளியேறும் வாய்க்கு மேலே குச்சியை நீட்டினார். அவர் கணக்குப்படி நூல் மேல் நோக்கி விறைத்து நின்றிருக்க வேண்டும். அது தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோல் லேசாக அசைந்துவிட்டுத் தொங்கியது.

"ப்ளோயர் ஓடுதுங்களா?"

"சத்தம் காதைக் கிழிக்குதுங்களே! மீட்டரையும் எறக்கிப் பாத்தாச்சு, கேஸ் இல்லேங்குது," என்றார் வெள்ளியங்கிரி.

"மீட்டர் நேர் கீழதானுங்க பாக்குது. செவுத்துக்கு அக்கட்ட கயிறு போகாதுங்களே."

வீரணன் அதற்குள் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். "யக்கா, அதேன் மாஸ்க்கு இருக்குல்ல. பொசுக்குன்னு எறங்கி எடுத்துட்டு ஏறிர்றேன்."

"மாஸ்க் நழுவுச்சுன்னா? நான் மாஸ்க் இல்லேன்னு நெனச்சுத்தான் கணக்குப் போடறதுங்க. கால மேல எடுங்க வீரணன்."

இந்துமதி சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வீரணன் காலை எடுத்தார். இந்துமதி விறுவிறுவென்று பட்டறைச் சுவரைச் சுற்றிக்கொண்டு ப்ளோயர் இருந்த பக்கம் நடந்தார், நான் பின்னால் ஓடினேன்.

ப்ளோயர் காற்றை இழுக்கும் வாயின் மேல் ஒரு வெள்ளைப் பனியன். ஏற்றுமதி லாட்டில் பழுதென்று கழித்தது, ஒரு கை இல்லை. இரண்டாக மடித்து, எலாஸ்டிக் நாடாவால் அழகாக இறுக்கிக் கட்டியிருந்தது. வரும்போது நானும் அதைப் பார்த்தேன், எனக்கு உறுத்தவேயில்லை. இந்த ஊரில் குழாய் வாய், மோட்டார் வாய், ஃபேன் வாய் எதுவானாலும் பஞ்சு போகாமல் ஒரு பனியன் துணியைக் கட்டிவிடுவது எங்கள் கைப்பழக்கம். கட்டாமல் இருந்திருந்தால்தான் கண்ணில் பட்டிருக்கும்.

"இதைக் கட்டுனது யாருங்க?"

"நாந்தேன்," என்றார் பின்னாலேயே வந்துவிட்ட வீரணன். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "பஞ்சு போயி மிசினு கெட்டுறக் கூடாதுல்லக்கா."

இந்துமதி அவரையே பார்த்தார். "இதை மெசின்ல கட்டலீங்க. உங்க மூக்குல கட்டியிருக்கீங்க."

பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் போட்ட கணக்குல இந்தத் துணி இல்லீங்க," என்றார். அந்த நீலப் படத்தை நானும்தான் நம்பியிருந்தேன்.

துணியை அவிழ்த்ததும் ப்ளோயரின் சத்தமே மாறியது. மறு வாயில் நூல் துள்ளிக்கொண்டு மேலே எழுந்தது.

"செரி, இப்ப நல்லா ஆடுதுங்களே. எறக்கலாமுங்களா?" என்றார் வெள்ளியங்கிரி.

"இன்னும் வேகலீங்க. இத்தன நேரம் ஓடுனது கணக்குல வராது. மொதல்லிருந்து ஓடணுமுங்க."

வெள்ளியங்கிரிக்கு முகம் சிவந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை, கவலை. "மெசின் தண்ணி இப்பப் போற பக்கத்துத் தொட்டி ரொம்பிட்டு வருதுங்க அம்மிணி. ரொம்பி வழிஞ்சா பட்டறையவே மூடோணும்."

"மூடிக்கலாமுங்ணா. மறுக்கா தொறந்துக்கலாம். இவரு போனா என்ன பண்ணுவீங்க?"

வெள்ளியங்கிரி மிஷின்களை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, ஒரு காலி டிரம்மின் மேல் உட்கார்ந்துகொண்டார். எல்லாரும் காத்திருந்தோம். வெயில் இறங்கியது. ஒருவரும் டீ குடிக்கப் போகவில்லை. இந்துமதி குச்சியைக் கீழே வைக்காமல், காற்றுக்குழாயை ஏணிக்கு அருகிலிருந்து சுவரின் விளிம்புக்கு நகர்த்தச் சொல்லி, திரும்பத் திரும்ப நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் சரியென்று தலையை அசைத்தார். வீரணனின் ஹெல்மெட்டில், நெற்றிக்கு மேலே, ஒரு முழச் சிவப்பு நூலைத் தன் கையால் கட்டிவிட்டார். "இது தொங்கிப்போச்சுன்னா இழுத்துருவோமுங்க. கோவிச்சுக்காதீங்க."

வீரணன் இறங்கினார். மேலிருந்து பார்த்தால் ஹெல்மெட் விளக்கும், வெளிச்சத்தில் படபடக்கும் நூலும்தான் தெரிந்தன. அப்புறம் சுவருக்கு அந்தப் பக்கம் போனார். நூல் மறைந்தது. விளக்கு வெளிச்சம் மட்டும் எதிர்ச் சுவரில் அலைந்தது. கயிறு மெதுவாக நழுவிக்கொண்டே போய் நின்றது.

"வீரணன்!" என்று கூப்பிட்டார் இந்துமதி. ப்ளோயர் சத்தம் அதை விழுங்கிவிட்டது. வெளிச்சம் அசையாமல் ஒரே இடத்தில் நின்றது. வெள்ளியங்கிரி டிரம்மை விட்டு எழுந்து ஏதோ சாமி பெயரை முணுமுணுத்தார். கயிறு பிடித்திருந்த இரண்டு பேரும் இந்துமதியின் வாயையே பார்த்தார்கள். இழுக்கச் சொல்ல அவர் கையைத் தூக்கிவிட்டார். அந்த நேரம் பார்த்துக் கயிறு உள்ளிருந்து வெடுக்வெடுக்கென்று இழுபட்டது. வாளி வேண்டும் என்பதற்கு அடையாளம். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதற்கென்ன.

வாளி வாளியாகக் கட்டி வெளியே வந்தது. கடைசி வாளியின் பின்னால் வீரணன் ஏறி வந்தார். முகமூடியைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்தார். கன்னமெல்லாம் ரப்பர் அழுத்திய தடம். வெள்ளியங்கிரி பம்ப்பைப் போட்டுப் பார்க்க ஓடினார்.

இந்துமதி வீரணனுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துப்பட்டாவின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிடுங்கி, வீரணனின் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"உசுரோடதான் இருக்கேன்க்கா," என்று சிரித்தார் வீரணன். நூல் துள்ளியது.

"சிரிக்காதீங்க. சும்மா மூச்சு விடுங்க."

அவர் மூச்சு விட்டார். நூல் இந்துமதியின் பக்கம் வந்தது, திரும்பி வீரணன் பக்கம் போனது, மறுபடியும் வந்தது. தூரத்தில் பம்ப் ஓடத் தொடங்கி எல்லாரும் எழுந்து போன பிறகும், இந்துமதி நூலைப் பிடித்த கையை எடுக்கவில்லை.