சபுரா நம்பாத ‘சரிங்க’

சபுரா யாரையும் எளிதில் நம்பமாட்டாள். குக்கரில் மூன்று விசில் வந்தபிறகும், மூடியைத் திறந்து ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்தால்தான் சோறு வெந்தது என்று ஒப்புக்கொள்வாள். பெண் பார்க்க வந்த முஸ்தபா தனக்கு எல்லாம் சம்மதம் என்று சொல்ல, எல்லாம் என்றால் எதெது என்று உள்ளறையிலிருந்து ஆள் விட்டுக் கேட்டவள். அன்று அவர் விரல்விட்டு எண்ணிச் சொன்ன பதினோரு சம்மதங்களில் ஒன்பதை இன்றுவரை காப்பாற்றி வருகிறார். மீதி இரண்டு எவை என்று இருவருமே வாய் திறப்பதில்லை.

இந்தக் குணம் அவளுக்கு அத்தா வழியில் வந்தது. அவர் பெயர் அமீர் ஹம்சா, கோட்டைமேட்டில் தையல் கடை. ஒருமுறை அவர் தைத்த சட்டை ஒன்று அக்குளில் பிடித்துவிட்டது. வாங்க வந்தவர் நம் பக்கத்துக்காரர், முகத்துக்கு நேரே குறை சொல்ல மனம் வராதவர். நல்லாருக்குதுங்க என்று சொல்லிவிட்டு அதே சட்டையோடு ஈரோட்டுக்குப் பஸ் ஏறினார். ஈரோடு வந்தது. மணிக்கயிற்றை இழுக்கக் கை மேலே போகவில்லை. கூப்பாடு போடக் கூச்சம். கடைசியில் சேலத்தில் இறங்கினாராம். நான் கேட்ட கதையில் அவர் சென்னைவரை போனார்; நம்பும்படி இருக்கட்டும் என்று நான்தான் சேலத்தோடு இறக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அமீர் ஹம்சா யாரிடமும் சட்டை சரியாக இருக்கிறதா என்று கேட்டதே இல்லை. “கையத் தூக்குங்க” என்பார். அவ்வளவுதான்.

அவர் மகள் மதுக்கரை போகும் வழியில் உள்ள ஒரு கலைக் கல்லூரியில், வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராகச் சேர்ந்து இருபத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கண்ணாடிச் சாமான்களை எடுத்துக் கொடுப்பதும் கழுவி வைப்பதும் பூட்டுவதும் அவள் வேலை. சந்தேகப்படுவது அவளாகச் சேர்த்துக்கொண்டது.

போன ஆண்டு கல்லூரியில் புதிதாக ஒரு திட்டம் வந்தது. முதலாண்டுப் பிள்ளைகள் தடுமாறாமல் இருக்க, இருபது பேருக்கு ஓர் ஆசிரியர் பொறுப்பு. வாரம் ஒருமுறை விசாரித்து நோட்டில் எழுதவேண்டும். வேதியியல் பிள்ளைகள், அவர்களுக்கு ஆய்வகப் பாடம் எடுக்கும் லட்சுமிநாராயணன் சாரின் பொறுப்பில் வந்தார்கள். நல்ல மனிதர். வரிசையாக நிற்கவைத்துப் பிரச்சினை ஏதாவது உண்டா என்று கேட்பார். இல்லைங்க சார் என்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொள்வார். அந்த நோட்டைக் கையெழுத்துக்கு அலுவலகம் கொண்டுபோவது சபுரா. வழியிலேயே படித்துவிடுவாள். இருபது பேர், ஐந்து வாரம், நூறு ‘இல்லை’.

“இருபது ஊடு இருக்கற தெருவுல ஒரு ஊட்டுலகூடச் சண்டையில்லீன்னா, அது தெருவாங்க? போட்டோவுங்க” என்று என்னிடம் சொன்னாள்.

அந்த வாரத்திலிருந்து அவள் பிள்ளைகளின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு விரல்களைப் பார்க்கத் தொடங்கினாள். அப்போது பெர்மாங்கனேட் சோதனை நடந்துகொண்டிருந்தது. அந்த ஊதாக் கரைசலைத் தொட்டவர் விரலில் பழுப்புக் கறை பிடிக்கும்; இரண்டு நாளைக்குச் சோப்புக்கும் அசையாது. பத்தொன்பது பேர் விரலில் கறை இருந்தது. ஒருத்தி விரல் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அவள் மதிவதனி. ஆனைமலைப் பக்கம். அப்பாவும் அம்மாவும் தென்னந்தோப்பில் கூலி வேலை. அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அவள்தான். பன்னிரண்டாவதுவரை படித்தது தமிழில். அவளுடைய ரெக்கார்டு நோட்டில் மூன்று அளவுகள் இருந்தன: 9.8, 9.8, 9.8. பக்கத்து மேசைப் பெண்ணுடையதும் அதேதான். மதிவதனிக்குக் கொடுத்த பியூரெட்டை, அதாவது கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்கும் அந்த நீளக் குழாயை, சபுரா வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஈரமே இல்லை.

அடுத்த சந்தேகம் கோட்டின்மேல். எல்லாரும் வெள்ளைக் கோட்டின் பையில் பேர் எழுதியிருந்தார்கள். இவள் எழுதவில்லை. குனிந்தபோது காலருக்குள் கடைச் சீட்டு ஊக்கில் தொங்கியது. தையல்காரர் மகளுக்கு வேறு சாட்சி வேண்டுமா? சீட்டைப் பிய்க்காதவள் துணியைத் திருப்பிக் கொடுக்கப் போகிறவள். அன்று மாலை அலுவலகத்தில் விசாரித்தாள். மதிவதனி டி.சி. வாங்கும் படிவத்தைக் கேட்டு வாங்கிப் போயிருந்தாள். கையிலிருந்த நோட்டில் அந்த வாரமும் அவள் பெயருக்கு எதிரே ‘பிரச்சினை இல்லை’.

மறுநாள் மதிய இடைவேளையில் சாமான் கழுவ ஆள் வேண்டும் என்று சொல்லி மதிவதனியைக் கூப்பிட்டாள். என்ன கஷ்டம் என்று கேட்கவில்லை. பியூரெட்டைக் கையில் கொடுத்தாள்.

“புடிச்சுக் காட்டு, கண்ணு.”

அந்தப் பெண் தலைகீழாகப் பிடித்தாள். திருகு மேலே போய்விட்டது.

“மொத நாளே சார் இங்கிலீசுல சொல்லிப்போட்டு, புரிஞ்சுதான்னு கேட்டாருங்க்கா. சரிங்க சார்னு சொல்லிப்போட்டேன். வெரி குட்டுன்னாரு. இப்பப் போயி தெரியாதுன்னா, அன்னைக்குச் சொன்னது பொய்யாயிருமுங்களே. அவரு என்ன நெனைப்பாரு?”

அதற்காகப் படிப்பையே விட்டுவிட்டுப் போகலாம் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம். நம் பக்கத்தில் இதற்காகச் சேலம்வரை போனவர் உண்டு.

“நானும் பொய்தான் சொன்னேன், சாமான் கழுவோணும்னு” என்றாள் சபுரா. “ரெண்டும் நேராப் போச்சு. திருப்பிப் புடி.”

அன்றிலிருந்து மதிய நேரமெல்லாம் ஆய்வகம் திறந்தே இருந்தது. ஏன் என்று சார் கேட்டார். கழுவுகிறோம் என்றாள். நம்பிவிட்டார், அவரிடம் இருக்கிற ஒரே குறை அதுதான். உள்ளே ஒரு சட்டம்: ‘சரிங்க’ என்ற சொல் கூடாது, செய்து காட்டவேண்டும். ஆங்கிலப் பாடத்தின் ஓரத்தில் தனக்குப் புரிந்ததைத் தமிழில் எழுதவேண்டும். புரியாத இடத்தில் சாரிடம் கேட்க ஒரு கேள்வி எழுதவேண்டும். முதல் கேள்வியைக் கேட்க நான்கு நாள் ஆயிற்று. சார் கோபிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்தாராம். இத்தனை நாள் அவரிடம் யாரும் எதுவும் கேட்டதில்லையே.

மதிவதனி தானாக எடுத்த முதல் மூன்று அளவுகள்: 11.2, 8.9, 10.4.

“மூணும் ஆகாதுங்களாக்கா?”

“ஆகாதுதான். ஆனா மூணும் உன்னுது.”

இரண்டு வாரத்தில் அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கிவிட்டன. விரலிலும் கறை ஏறியது. ஆனாலும் சீட்டு காலருக்குள்ளேயே இருந்தது, டி.சி. படிவம் ரெக்கார்டு நோட்டுக்குள் நான்காக மடித்தபடி இருந்தது. சபுரா பார்த்துவிட்டாள். இருக்கறியா போறியா என்று ஒருநாள் நேராகவே கேட்டாள். போகலைங்க்கா என்று பதில் வந்தது. அதை நம்ப அவளுக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஆயுத பூஜை விடுமுறை நெருங்கியது. கறை படாத கோட்டை விடுமுறை முடிவதற்குள் கொடுத்தால்தான் கடையில் திருப்பி எடுப்பார்கள். விடுமுறைக்கு முந்தின நாள் சோதனை முடிந்து, கடைசி ஆளாக மதிவதனி வெளியே வந்தாள். கோட்டுப் பையின்மேல் ரூபாய் நாணய அளவுக்கு ஓர் ஊதாக் கறை.

“கை தவறிருச்சுங்க்கா.”

சபுரா பையைப் பிடித்துப் பார்த்தாள். கை தவறிச் சிந்தினால் கறைக்கு வால் இருக்கும், ஓரத்தில் தெறித்திருக்கும். இது வட்டமாக, ஒரே இடத்தில் மூன்று சொட்டு, அதுவும் மற்றவர்கள் பேர் எழுதுகிற இடத்தில். ஆக்ஸாலிக் அமிலம் ஒரு சொட்டு விட்டால் போய்விடும். பாட்டில் சபுராவின் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. இது இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“சரி, கண்ணு” என்றாள் சபுரா.

விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று, ஆய்வக வாசலில் நின்று தலைகளை எண்ணினாள். இருபதாவதாக மதிவதனி வந்தாள். சபுரா அவள் காலரைத் திருப்பிப் பார்த்தாள். சீட்டு இல்லை, ஊக்கு மட்டும் இருந்தது. அதைக் கழற்றித் தன் முந்தானையில் குத்திக்கொண்டபிறகுதான் அவளை உள்ளே விட்டாள்.