அண்ணையின் பென்சனுக்கு நான் சொன்ன சாட்சி

பட்டாளத்துக்குப் போகுமுன் அண்ணை எங்கள் வீட்டு அறை வாசலில் தலையைக் குனிந்துதான் உள்ளே வருவார். சண்டை முடிந்து திரும்பி வந்தபோது குனியாமலே வந்தார். முதல் நாள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் நாள் அம்மா அவருடைய பழைய சேட்டு ஒன்றைப் போட எடுத்துக் கொடுத்தார். அது தொடைவரை தொங்கியதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அண்ணை எகிப்துப் பக்கம் பாலைவனத்தில் நாலு வருடம் இருந்தவர். துவக்குப் பிடித்துச் சுட்ட பட்டாளம் அல்ல. கப்பலில் வந்த பெட்டிகளைச் சுமப்பதும் பாதை போடுவதும்தான் அவர்களுடைய வேலை. அங்கே வயிற்றோட்டம் கண்டு மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். எழும்பி நடந்த முதல் கிழமையே இடுப்பெலும்பில் வெடிப்பு. படம் பிடித்துப் பார்த்த வெள்ளைக்கார டாக்குத்தர், எலும்பெல்லாம் உள்ளுக்குள் கரைந்துவிட்டது, பாரம் தூக்கினாலும் குனிந்தாலும் முறியும் என்று ஒரு கடதாசி எழுதிக் கொடுத்துக் கப்பல் ஏற்றிவிட்டார். முதுகுக்குத் தோலால் செய்த பட்டியொன்றும் கொடுத்திருந்தார்கள். அதைக் கட்டினால் எழும்பி இருக்கலாம். கழற்றினால் படுக்கத்தான் வேண்டும்.

அந்தக் கடதாசியை வைத்து அண்ணை பென்சனுக்கு எழுதிப் போட்டார். குண்டு பட்டவர்கள் போன காலைக் காட்டலாம், கையைக் காட்டலாம். அண்ணைக்குக் காட்ட ஒன்றும் இல்லை. கடதாசி மட்டும்தான். பென்சன் கிடைத்தால் ஒருவர் கையையும் பாராமல் ஒரு மூலையில் இருந்து சீவிக்கலாம். கிடைக்காவிட்டால் ஐயாவின் கையைப் பார்க்க வேண்டும். அது எப்படியிருக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

"நாலு வரியம் வெள்ளைக்காரனுக்குச் சுமந்தாய். இனி உன்னை நான் சுமக்கிறதோ?" என்று ஐயா அவர் வந்த மாதமே கேட்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ ஐயா. மறுமொழி வரட்டும்" என்றார் அண்ணை.

அந்த நேரம்தான் அக்காவுக்கு இணுவிலில் ஒரு சம்பந்தம் பொருந்தியது. எங்கள் பக்கத்தில் சாதகம் பொருந்துவதோடு காரியம் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் முகம் தெரியாத ஒருவரை ஊருக்குள் அனுப்புவார்கள். தண்ணீர் கேட்கிற மாதிரியோ மாடு வாங்க வந்த மாதிரியோ அவர் வந்து, பெண் வீட்டில் ஏதாவது நோய் வருத்தம் உண்டா என்று கதையோடு கதையாக விசாரிப்பார். எலும்பு கரைகிற ஒருவர் இருப்பது தெரிந்தால் பரம்பரை என்று சொல்லிச் சம்பந்தத்தை விட்டுவிடுவார்கள். அதனால் ஐயா ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் போய், யாரும் கேட்டால் அண்ணை நல்ல சுகம் என்று சொல்லும்படி சொல்லி வைத்தார். அவர்கள் வீடுகளிலும் கலியாணமாகாத குமர்ப்பிள்ளைகள் இருந்தபடியால் எல்லாரும் சம்மதித்தார்கள்.

"உன்னிலைதான் எனக்குப் பயம்" என்றார் ஐயா என்னிடம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு வந்தவன். பிறத்தியார் முன்னால் எனக்கு வாய் வராது. "ஆரும் கேட்டால் ஊமையன் மாதிரி நிக்காதை. அண்ணை விடிய எழும்பித் துலா மிதிக்கிறவர் எண்டு சொல்லு. எங்கை, சொல்லு பாப்பம்."

சொன்னேன்.

"உதென்ன, புதுப்பொம்பிளை மாதிரி. சத்தமாத் திருப்பிச் சொல்லு."

மூன்று தரம் சொல்ல வைத்தார். அண்ணை சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார்.

ஒரு கிழமை கழித்து ஒருவர் சைக்கிளில் தோட்டத்துக்கு வந்தார். வேட்டியும் கோட்டும், தோளில் ஒரு பை. புகையிலைக்கு நீர் இறைத்துக்கொண்டிருந்தோம். பக்கத்துத் தோட்டக்காரர் கிணற்றுக்கு மேலே நீண்ட துலா மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, நான் கிணற்றடியில் நின்று மேலே வரும் ஓலைப்பட்டையைப் பிடித்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். வந்தவர் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

"பட்டாளத்தாலை வந்த ஆளின்ரை தோட்டமோ தம்பி இது?"

"ஓம். என்ரை அண்ணைதான் அவர்."

"ஆளுக்கு ஏதோ ஏலாமை எண்டு கேள்விப்பட்டன்."

"ஆர் சொன்னது? அண்ணை விடிய எழும்பித் துலா மிதிக்கிறவர். நேற்றும் மிதிச்சவர்."

"நாரி முதுகு வளைஞ்சு போச்சாமே?"

"அது பட்டாளத்திலை பழகின நடை. எருக்கூடை இரண்டை ஒண்டா வைச்சுத் தூக்குவார்."

துலாவில் நின்றவரும் சும்மா இருக்கவில்லை. "அவர் மிதிக்கிற நாளிலை எனக்கு இதிலை வேலை இல்லை" என்று வந்தவரிடம் மேலிருந்து சொன்னார். வந்தவர் சிரித்தார். தண்ணீரைக் குடித்துவிட்டுப் பையைத் திறந்து ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவரையே அனுப்பியிருக்கிறார்கள், நல்ல இடம்தான் என்று ஐயா சந்தோசப்பட்டார். அன்று மத்தியானம் தன் தட்டில் இருந்த மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். அதற்கு முன்னோ பின்னோ அவர் அப்படிச் செய்ததில்லை.

ஒன்றரை மாதத்தில் கொழும்புப் பென்சன் கந்தோரிலிருந்து அண்ணைக்குக் கடிதம் வந்தது. பட்டாளத்தில் அவர் இங்கிலீசு வாசிக்கப் பழகியிருந்தார். என்னை அறைக்குள் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார்.

"கேள். எங்கடை ஆள் உம்முடைய ஊருக்கு நேரிலை வந்து விசாரிச்சவர். நீர் தினமும் துலா மிதிக்கிறீராம். இரண்டு கூடை எரு தூக்குறீராம். உம்முடைய சொந்தத் தம்பியே சொல்லியிருக்கிறார். அயலவரும் அப்பிடித்தான் சொல்லுறார். ஆனபடியால் பென்சன் இல்லை."

கடிதத்தை மடித்தார். "உன்ரை வாய்க்குள்ளை இவ்வளவு கதை இருந்தது எனக்குத் தெரியாமல் போச்சு."

மறுத்து எழுத மூன்று மாதத் தவணை தந்திருந்தார்கள். முதல் சொன்னது பொய் என்று நான் ஊர் அதிகாரியான விதானையார் முன்னிலையில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஐயா விடவில்லை.

"விதானையின்ரை வாசலிலை நிண்டு என்ரை மகன் ஏலாதவன் எண்டு எழுதிக் குடுத்தால் பொழுதுபடமுன்னம் இணுவிலுக்குப் போயிடும். கலியாணம் முடியட்டும். எலும்பு அதுக்கிடையிலை எங்கை ஓடப்போகுது."

ஐயாவுக்குத் தெரியாமல் நான் இரண்டு தரம் விதானையார் வீட்டுப் படலைவரை போனேன். ஒரு தரம் உள்ளே ஆட்கள் இருந்தார்கள். மற்றத் தரம் யாரும் இல்லை, விதானையார் தனியே இருந்தார். இரண்டு தரமும் திரும்பி வந்துவிட்டேன்.

மணமகன் வந்து இறங்கும்போது பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று, குனிந்து அவருடைய காலைக் கழுவி உள்ளே அழைக்க வேண்டும். நான் நிற்பதாகத்தான் இருந்தது. துலா மிதிக்கிற பட்டாளத்து மச்சானே நிற்கட்டும் என்று இணுவிலிலிருந்து சொல்லியனுப்பினார்கள். ஐயாவே அங்கே போய் அளந்த அளப்பு அது.

தோழன் மேலுக்குச் சால்வை மட்டும்தான் போட வேண்டும். "பட்டியைக் கழட்டு. சால்வைக்குள்ளாலை தெரியுது" என்றார் ஐயா.

"கழட்டினால் குனிய ஏலாது ஐயா."

"ஒரு செம்புத் தண்ணி ஊத்துற நேரம். அக்காவின்ரை சீவியத்தை நினை."

அண்ணை என்னைப் பார்த்தார். நான் பட்டியின் வாரை அவிழ்த்தேன்.

அவர் குனிந்தார். முதல் காலைக் கழுவினார். மற்றக் காலுக்குத் தண்ணீர் ஊற்றும்போது, காய்ந்த மரவள்ளித் தடி முறிகிற மாதிரி ஒரு சத்தம். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் பக்கத்தில் கால் துடைக்கிற சவுக்கம் பிடித்துக்கொண்டு நின்றேன். அண்ணை செம்பைக் கீழே விடவில்லை. குனிந்தபடியே நின்றார்.

"பட்டாளத்திலை மரியாதை நல்லாத்தான் பழக்கியிருக்கிறாங்கள்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன். நின்றவர்கள் சிரித்தார்கள். கால் கழுவிய தோழனுக்கு வழக்கமாகப் போடுகிற மோதிரத்தை மாப்பிள்ளை அண்ணையின் விரலைத் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு உள்ளே போனார். அதன் பிறகு நானும் துலா மிதிக்கும் பக்கத்துத் தோட்டக்காரரும் அண்ணையை மாட்டுக் கொட்டில் பக்கத்தால் தூக்கிக்கொண்டு போனோம். தாலி கட்டுவதை நாங்கள் மூவரும் காணவில்லை.

முறிவு வைத்தியம் செய்கிற பரியாரியார் வந்து தடவிப் பார்த்தார். "கை கால் எண்டால் பத்துப் போட்டுக் கட்டலாம். இது முள்ளந்தண்டு. படுக்கட்டும்" என்றார்.

தவணைக்கு ஒன்பது நாள் இருந்தது. இப்போது ஐயாவே என்னை விதானையாரிடம் கூட்டிக்கொண்டு போனார். இந்த முறை நான் ஒன்றும் ஒளிக்கவில்லை. துலாக் கதை பொய் என்றேன். எருக்கூடையும் பொய் என்றேன். இப்போது ஆள் எப்படி என்று விதானையார் கேட்டார். கலியாணத்தில் கால் கழுவக் குனிந்தபோது முதுகு முறிந்து படுக்கையில் கிடக்கிறார் என்றேன்.

"அதை வடிவா எழுதுங்கோ. அதுதான் முக்கியம்" என்றார் ஐயா. முறிந்த நாளையும் முறிந்த விதத்தையும் பரியாரியாரிடம் ஒரு துண்டில் எழுதி வாங்கி, அதையும் சேர்த்து அனுப்பினார்.

மறுமொழி வந்தபோது அண்ணை படுத்தபடியே கடிதத்தை முகத்துக்கு மேலே பிடித்து வாசித்தார். எனக்கும் சொன்னார். மனுதாரருடைய இப்போதைய ஏலாமை வீட்டுச் சடங்கொன்றில் ஏற்பட்டது. பட்டாளச் சேவையால் வந்ததல்ல. அதற்கு முன் அவர் தோட்ட வேலை செய்தாரா இல்லையா என்பதில் அதே சாட்சியே இரண்டு விதமாகச் சொல்வதால் அவருடைய சொல்லை எடுக்க முடியாது. இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

"முடிஞ்சுது" என்றார் அண்ணை. கடிதத்தை என்னிடம் தந்து பத்திரமாக வைக்கச் சொன்னார்.

அதன் பிறகு ஐயா அண்ணையின் அறைக்குள் போகவில்லை. அம்மா சோற்றைக் கொண்டு போகும்போது, "உழைக்கிறவனுக்குப் போட்டிட்டு மிச்சத்தைக் குடு" என்று அறைக்குக் கேட்கச் சொல்வார். அக்கா முதல் பிள்ளையோடு வந்தபோதும் மாப்பிள்ளை காண்பார் என்று அறைக் கதவைச் சாத்தி வைத்தார்கள்.

அண்ணை இரண்டு வருடத்துக்கு மேல் அப்படிக் கிடந்தார். விடிய நான் மண்வெட்டியை எடுக்கிற சத்தம் கேட்டதும் கூப்பிடுவார். "தம்பி, இண்டைக்கு ஆர் மிதிக்கிறது?"

முதல் நாள்களில் பேசாமல் போகப் பார்த்தேன். விடமாட்டார். கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தச் சத்தத்துக்கு ஐயா எழும்பினால் அண்ணைக்குத்தான் ஏச்சு விழும். ஆகவே வாசலில் நின்று சொல்வேன்.

"அண்ணை விடிய எழும்பித் துலா மிதிக்கிறவர்."

"சத்தமாச் சொல்லு. அண்டைக்குச் சொன்ன மாதிரி."

திருப்பிச் சொல்வேன். பிறகு அவர் கண்ணை மூடிக்கொள்வார். நான் தோட்டத்துக்குப் போவேன்.