ஜீப் மாமாவுக்கு ஒரு பேனர்

கடலூரில் பிளக்ஸ் அடிக்கும் கடையில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் "பேரு சொல்லுங்க சார்" என்று கேட்டபோது நாங்கள் நான்கு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அன்று காலையில்தான் செய்தி வந்திருந்தது. பழைய ஜீப் வைத்திருக்கும் எங்கள் கூட்டம் முழுவதற்கும் மாமாவாக இருந்த மனிதர், சிதம்பரத்தில் தன் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து எடுத்துக்கொண்டு நேரே துக்க வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

"ஜீப் மாமான்னு போடும்மா" என்றேன்.

"அது நீங்க கூப்புடறது சார். அவுரு சொந்தப் பேரு?"

எங்களில் ஒருவர் சமாளிக்கப் பார்த்து, "வண்டி நம்பர் வேணுமா?" என்றார். அதை மட்டும் நான்கு பேரும் ஒரே குரலில் ஒப்பித்தோம். அந்த வண்டியின் சேஸிஸ் நம்பரையும் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம். அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, எங்கள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. ஊரும் வண்டியும் சேர்ந்ததுதான் ஆள். எனக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் உரக்கடை, வண்டி டீசல்; ஆகவே நான் 'பட்டாம்பாக்கம் டீசல்'. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பச்சை ஜீப்பில் வருகிறவர் 'முஷ்ணம் பச்சை'. போனிலும் அப்படியேதான் பதிந்து வைத்திருக்கிறோம். ஒருமுறை ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து "டீசல் இருக்காருங்களா?" என்று கேட்க, என் மனைவி பெட்ரோல் பங்கில் போய்க் கேட்கச் சொல்லி அனுப்பிவிட்டாள். இதையெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான்.

மாமா மெக்கானிக் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் இறந்தவரைப் பற்றி அளப்பதாக ஆகிவிடும். அவர் கை வைத்தால் ஓடுகிற வண்டியும் நின்றுவிடும். எதையாவது கழற்றி மாட்டினால் ஒரு ஸ்க்ரூ மிஞ்சும். "இது எக்ஸ்ட்ரா மாப்ள" என்று சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஆனால் யாருடைய வண்டி எங்கே நின்றாலும் வந்துவிடுவார். ஆற்று மணலில் புதைந்தாலும் வயல் சேற்றில் இறங்கினாலும் முதலில் ஞாபகம் வருவது அவருடைய பட்டன் போன் நம்பர்தான். இழுக்கிற கயிறு, பிளாஸ்கில் டீ, இலையில் கட்டிய எலுமிச்சை சோறு என்று வந்து இறங்குவார். வண்டியைப் பார்க்காமல் முதலில் சாப்பிடச் சொல்வார். "நின்னுபோன வண்டி எங்க ஓடிடப் போவுது?" என்பார்.

போன மழைக்காலத்தில் வீராணம் ஏரிக்கரையில் என் வண்டி சகதியில் இறங்கிவிட்டது. போன் செய்தேன். அவர் வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். "இதோ இருக்கற சிதம்பரத்துலேருந்து வர இவ்ளோ நேரமா மாமா?" என்று கத்தினேன். "பஸ்சு லேட்டு மாப்ள" என்றார். ஜீப்பில் வந்து இறங்கியவர் பஸ்ஸைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று எனக்குத் தோன்றவேயில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே எலுமிச்சை சோற்றைத் தின்றேன். கயிறு கட்டும்போது, என் மகளுக்குக் காதில் ஆபரேஷன் ஆகப்போவதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அவர் வீட்டில் யார் யார் என்று நான் கேட்கவில்லை. அவருடைய ஜீப் கடலூரில் ஒரு லேத் பட்டறைக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை அங்கேதான் கூடுவோம். அவர் வீட்டுக்கு எங்களில் யாரும் போனதில்லை.

காலையில் செய்தி சொன்ன லேத் பட்டறைக்காரருக்கே பிளக்ஸ் கடையிலிருந்து போன் போட்டேன். "எனக்கும் மாமான்னுதாங்க தெரியும். ஊரெல்லாம் அவுருகூட சுத்துனது நீங்க. என்னயக் கேக்கறீங்களே?" என்றார். முஷ்ணம் பச்சை போனில் வண்டி நம்பரைத் தட்டிப் பார்த்தார். ஆர்.சி. இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருந்தது. அடுத்து போட்டோ. எங்கள் நான்கு போன்களிலும் அவருடைய ஜீப் ஆயிரம் கோணத்தில் இருந்தது. அவர் இருந்த படங்களில் பாதியில் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார், மீதியில் வண்டிக்கு அடியில் கால் மட்டும் தெரிந்தது. கடைசியில் கடற்கரையில் எடுத்த ஒரு படத்தில், யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால், கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரிக்கும் முகம் கிடைத்தது. அந்தப் பெண் அதை வெட்டி ஒரு வட்டத்துக்குள் வைத்தாள். தோற்றம், மறைவு என்ற இரண்டு இடங்களில் மறைவை மட்டும் நிரப்பினாள். ஜீப் பெரிதாகவும் மாமா சிறிதாகவும் இருந்த அந்த பேனரை நாங்களே சரி என்று சொல்லி அடிக்கக் கொடுத்தோம்.

"தெருமுனையில போஸ்டர் ஒட்டியிருப்பாங்க. பேரப் பாத்துக்கினு சிதம்பரத்துலயே வேற அடிச்சிக்கலாம்" என்றார் முஷ்ணம் பச்சை. அந்தத் தைரியத்தில்தான் கிளம்பினோம். வழியெல்லாம் யாரும் யாருக்கும் ஹாரன்கூட அடிக்கவில்லை.

லேத் பட்டறைக்காரர் சொன்ன தெருவில் ஒரு சுவரிலும் போஸ்டர் இல்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்தி, ஜீப் மாமா வீடு எது என்று கேட்டேன்.

"ஜீப்பா? இந்தத் தெருவுல யாருகிட்டயும் ஜீப்பு கெடையாதுங்களே" என்றார் டீக்கடைக்காரர். "காலையில தவறனவரு வீட்டக் கேக்கறீங்களா? அவுரு பஸ்ல போறவருங்க. நேரங்கெட்ட நேரத்துல கடலூர் பஸ்சுக்கு ஓடுவாரு. ஏன் சார் இந்த வயசுல இப்படி ஓடறீங்கன்னு கேட்டா, பசங்க மாட்டிக்கினாங்கன்னு சொல்லுவாரு."

சிதம்பரத்திலிருந்து கடலூர்வரை பஸ், அங்கே ஜீப்பை எடுத்துக்கொண்டு திரும்பவும் அவ்வளவு தூரம். வீராணத்தில் நான் கத்தியது அப்போதுதான் எனக்கே காதில் விழுந்தது. பக்கத்தில் நின்றவர்களைத் திரும்பிப் பார்க்கக் கூசியது.

வாசலில் பந்தல் போட்டிருந்தது. மாமாவின் மைத்துனர், அவர் மனைவியின் தம்பி, வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க பேனர் கொண்டாறீங்கன்னு லேத்துக்காரரு போன்ல சொன்னாரு. அதான் நாங்க போஸ்டரே போடலீங்க. புள்ள குட்டி இல்லாத வீடு, அலையறதுக்கு நான் ஒர்த்தன்தான். பெரிய ஒதவி" என்றார். சொல்லிவிட்டு சுடுகாட்டு வேலையைப் பார்க்கக் கிளம்பிவிட்டார். அவரிடமே கேட்டிருக்கலாம். பெரிய உதவி என்று கும்பிட்டவரிடம் எந்த வாயால் கேட்பது? பேனரைப் பிரிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் முஷ்ணம் பச்சையும் இன்னொருவரும் பந்தல் காலில் கட்டிவிட்டார்கள். உள்ளே தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மாமாவின் மனைவிக்கு அது நேர் எதிரே தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

மாமா என்றால் அவர் மனைவி எனக்கு அத்தை. அந்த வார்த்தை வாயில் வரவில்லை. எதிரில் போய்க் கைகட்டி உட்கார்ந்தேன்.

"நீங்க எந்த வண்டி தம்பி?"

"பட்டாம்பாக்கம் டீசல்மா."

என் பெயரைச் சொன்னார். இனிஷியலோடு சொன்னார். "பாப்பாவுக்குக் காது இப்ப நல்லாக் கேக்குதா? அன்னிக்கு மழையில தொப்பலா நனைஞ்சி வந்தவரு, தலையத் தொடைக்கறதுக்கு முன்னாடி இதத்தான் சொன்னாரு. ஆபரேசன் அன்னிக்குக் கோயிலுக்குப் போய் வெளக்கு போட்டுட்டு வந்தோம்."

பிறகு வெளியே நின்றவர்களைக் காட்டி, பச்சை வண்டி யாருடையது என்று கேட்டார். சொன்னேன். முஷ்ணம் பச்சையின் பெயரைச் சொல்லி, அவருடைய அப்பாவுக்கு நடக்கிற வைத்தியத்தை விசாரித்தார். மற்ற இரண்டு பேரின் பெயரும் அவருக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அந்தப் பெயர்கள் அன்றுதான் தெரியும்.

"வண்டிய மட்டும் இங்க கொண்டாந்ததே இல்ல தம்பி. எனக்கு ஒத்தத் தலைவலி. சத்தம்னா ஆவாது, ரெண்டு நாளு படுத்துருவேன். அதுக்காவதான் கடலூர்லயே வுட்டுருந்தாரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மறுபடியும் பேனரைப் பார்த்தார்.

"அதுல பேரு காணலியே தம்பி?"

எங்களுக்கெல்லாம் அவர் மாமாதான், அதுதான் அவருக்குப் பெரிய பெயர் என்று வழியிலேயே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன். என் மகளின் காதை விசாரித்தவரிடம் அதைச் சொல்ல முடியவில்லை. "பேரு தெரியாதும்மா. நாங்க கேட்டுக்கினதே இல்ல" என்றேன்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானும் சொன்னதில்ல தம்பி. கல்யாணம் ஆனதுலேருந்து அவுரு பேர வாயால சொன்னதில்ல. யாரு கேட்டாலும் எந்தம்பியத்தான் சொல்லச் சொல்லுவேன். அவனும் இப்ப இங்க இல்ல. இன்னும் கொஞ்ச நேரத்துல தூக்கிருவாங்க." சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். "பேரு இல்லாம எப்பிடி அனுப்பறது? நானே சொல்றன். எழுதிக்குங்க."

அவர் வாயைத் திறந்த அதே நேரத்தில் வெளியே எங்கள் ஆட்கள் வண்டிகளை ஸ்டார்ட் செய்தார்கள். எங்கள் கூட்டத்தில் மரியாதை என்றால் அதுதான். எல்லா வண்டியையும் ஒன்றாகக் கிளப்பி, நின்ற இடத்திலேயே ஆக்சிலேட்டரை மிதிப்போம். யார் ஆரம்பித்து வைத்த வழக்கமோ, கேட்டால் உடம்பு சிலிர்க்கும் என்போம். பந்தல் தகரம் அதிர்ந்தது. அந்த அம்மா ஒரு கையால் நெற்றியை அழுத்திக்கொண்டார். உதடு அசைந்தது. ஒரு எழுத்துகூட எனக்குக் கேட்கவில்லை.

ஓடிப்போய் நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது எழுந்து போக எனக்குக் கால் வரவில்லை. கேட்ட மாதிரி தலையாட்டிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். பிறகு அவர் காதருகே குனிந்து, "கேக்கலம்மா. இன்னொரு தடவ சொல்லுங்கம்மா" என்றேன். என் வாழ்நாளில் அப்படிக் கூனிக் குறுகி நான் எதையும் கேட்டதில்லை.

இந்த முறை கத்திச் சொன்னார். அத்தனை இன்ஜின் சத்தத்துக்கும் மேலாக, தெருவில் போகிற ஒருவரைக் கூப்பிட்டு நிறுத்துவது போல அந்தப் பெயரைச் சொன்னார். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். எனக்கு நன்றாகக் கேட்டது. வெளியே நின்றவர்களுக்கும் கேட்டிருக்க வேண்டும், வண்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.

சத்தமெல்லாம் அடங்கிய பிறகு அவர் மாமாவின் பக்கம் திரும்பி, முகத்தின் அருகே குனிந்து, மெல்ல இன்னொரு தடவை சொன்னார். அது நான் கேட்டதற்காக இல்லை.