சத்தம் போடாமல் ஒரு கோல்

மது ஊற்றிக் கொடுப்பது லேசான வேலை; கதவைத் திறந்து ஆட்களை உட்காரவைத்துவிட்டு ஊற்றமாட்டேன் என்று சொல்வதுதான் கஷ்டம். கடையிலும் வங்கியிலும் மருத்துவமனை வாசலிலும் வாடிக்கையாளருக்கு முகம் கொடுத்துப் பிழைக்கிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். நான் மொன்றியலின் வில்லரேப் பகுதியில் ஒரு பாரில் வேலை செய்கிறேன். சொந்தபந்தங்கள் கேட்டால் ரெஸ்ரோரண்ட் என்பேன். பெண்கள் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் அவுஸ்திரேலியாப் பக்கம் நடந்த அந்தக் கோடையில் நான் பட்ட பாட்டில் கொஞ்சம் கேளுங்கள்.

திறந்த கடை, பூட்டிய போத்தல்

அங்கே இரவு விளையாட்டு என்றால் மொன்றியலில் விடியற்காலை. எங்கள் முதலாளி மிஷெல் அலையாத இடமெல்லாம் அலைந்து, நேரத்தோடு கடை திறக்க விசேஷ அனுமதி வாங்கிவந்தார். வாங்கிவந்த பிறகுதான் ஆறுதலாக வாசித்தார். கதவை ஐந்து மணிக்கே திறக்கலாம். மது மட்டும் வழமைபோல எட்டு மணிக்குப் பிறகு. மனிதர் தலையில் கைவைத்தார். எங்கள் சமையல்காரன் செல்வன், மட்டக்களப்புப் பெடியன், உளுந்து ஊறப்போட்டான். பியர் இல்லாத பாரில் வடையும் பால் விடாத பிளேன்ரீயும் என்று முடிவானது.

கூரை வேலை செய்கிற மனுவேல் முதல் நாள் கதவு திறக்கும்போதே வந்து, கவுண்டரில் முழங்கையை ஊன்றிப் பியர் கேட்டான். எட்டு மணிக்கு என்றேன். என்னை முறைத்தான், மணிக்கூட்டை முறைத்தான், கடைசியில் பிளேன்ரீயை வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தான். விளையாட்டு முடிந்து எட்டும் அடித்தது. காத்திருந்த மனுசன் என்று பாவப்பட்டு, நுரை வழிய ஒரு கிளாஸ் ஊற்றி அவன் முன்னால் கொண்டுபோய் வைத்தேன். அவன் வேலைச் சப்பாத்தின் கயிற்றை இறுக்கிக்கொண்டே அதைப் பார்த்துச் சொன்னான்: "இப்போது கூரையில் ஏறப்போகிறவனுக்கா இதைக் கொடுக்கிறாய்? அந்தத் தேநீரில் இன்னொன்று ஊற்று."

மேல்மாடி மதாம்

அந்த அனுமதிக்கு ஒரு வாலும் இருந்தது. அயலவர் ஒருவர் சத்தம் என்று முறைப்பாடு கொடுத்தாலும் அனுமதி போய்விடும். எங்களுக்கு நேர் மேலே குடியிருப்பவர் மதாம் ஒடெட். தனிக்கட்டை, எழுபது தாண்டியவர். ஹொக்கி நடக்கிற இரவுகளில் தும்புத்தடியால், அதுதான் விளக்குமாற்றுக் கட்டையால், தரையில் இடித்து எங்கள் கூரைப் பூச்சை உதிர்த்தவர். மிஷெல் என்னைக் கூப்பிட்டு, இந்த மாதம் முறைப்பாடு இல்லாமல் ஓடினால் காலைக் கடையை நிரந்தரமாக வைப்பேன், அதன் பொறுப்பு உனக்கு, ஓடாவிட்டால் நீ பழையபடி இரவுக்கு என்றார். மகள் பாலர் பள்ளிக்குப் போன காலத்திலிருந்து நான் இரவு வேலைதான். எனக்கு அந்தக் காலை வேலை வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், யார் காலிலும் விழுகிற அளவுக்கு வேண்டும்.

ஆகவே ஆட்டங்கள் தொடங்குமுன், வெள்ளிக்கிழமை கோயிலிலிருந்து வந்த கையோடு, நெற்றியில் திருநீறும் தட்டில் சுடச்சுட வடையுமாக மாடியேறினேன். என் பிரெஞ்சு மொழி பியர் விற்கப் போதும், விளக்கம் சொல்லக் காணாது. ஒரு மாதம், விடியற்காலை, ஆட்கள் வருவார்கள், அமைதியாக இருப்பார்கள், யாரும் குடிக்கமாட்டார்கள், தயவுசெய்து கோபிக்கவேண்டாம் என்று ஒப்புவித்தேன். விளையாட்டு என்று வாயெடுத்தால் தும்புத்தடி ஞாபகம் வரும் என்று அந்தப் பேச்சை மட்டும் விழுங்கிவிட்டேன். மதாம் வடையைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், முகம் இளகி என் கையைப் பிடித்தார். "பயப்படாதே மகளே, அந்த நேரத்தில் நானும் மேலே ஒரு சத்தமும் போடமாட்டேன்."

கையைத் தூக்கு, வாயை மூடு

உதைபந்தாட்டம் பார்க்க வந்தவனைக் கத்தாதே என்று சொல்வது, பிரசவ அறையில் முனகாதே என்று சொல்வதுபோல. முதல் கோலுக்கே மேசைகள் அதிர்ந்தன. நான் ஓடி ஓடி வாயைப் பொத்தினேன். சிலருடைய வாயை உண்மையாகவே என் கையால் பொத்தினேன். "சத்தம் வெளிய போக ஒரு வழி வேணும் அக்கா, இல்லாட்டி மறுகா வெடிச்சிருவாங்க" என்று செல்வன் குசினிக்குள்ளிருந்து எச்சரித்தான்.

வழியைக் காட்டியவர் தர்மண்ணை. புறநகர் ரொக்ஸ்பரோவிலிருந்து கார் ஓட்டிவருகிற ஓய்வுபெற்ற மனிதர், எப்போதும் பின்கதவுப் பக்கம் உட்காருவார். அடுத்த கோல் விழுந்ததும், தீபாராதனை நேரத்தில் செய்வதுபோல, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குவித்தார், கண்ணும் மூடிக்கொண்டது. பக்கத்தில் இருந்த மனுவேல் அதைப் பார்த்துத் தானும் தூக்கினான். அதற்கடுத்த கோலுக்குக் கடை முழுதும் கை. போர்த்துக்கீசர், ஹெயிற்றிக்காரர், எங்கடை ஆட்கள் எல்லோரும் மூச்சுக் காட்டாமல் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கே மெய்சிலிர்த்தது. தேநீர் கொடுக்கப் போனபோது தர்மண்ணை என் காதுக்குள் சொன்னார்: "வீட்டில கோயிலுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான் பிள்ளை. இப்ப பாத்தா அது பொய்யில்லைப் போல கிடக்கு."

எப்ப முடியும்?

பின்னேரங்களில் நான் வீட்டில் இருந்தேன். கேட்பதற்குச் சின்ன விஷயம். என் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள் இரவுச் சாப்பாட்டை எந்தக் கோப்பையில் சாப்பிடுகிறாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவளுக்கு என் இருப்பு பிடித்ததாகவும் தெரியவில்லை. ரிவியை நான் குறைத்தால் அவள் கூட்டினாள், நான் கதைத்தால் காதில் எதையோ செருகிக்கொண்டாள்.

ஒருநாள் புட்டைக் கிளறிக்கொண்டே, இந்த உலகக் கிண்ணம் எப்ப முடியும் என்று கேட்டாள். வருகிற ஞாயிறு என்றேன். என் தொல்லை ஒழிய நாள் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். மறுநாள் இதைச் செல்வனிடம் சொல்லிக் குறைப்பட்டபோது அவன் வடைச்சட்டியிலிருந்து தலை தூக்கவில்லை. "முடியக்கூடாதெண்டு கேட்டிருப்பா அக்கா. பிள்ளையள் அப்பிடித்தான் கேக்குங்கள்."

இறுதி ஆட்டம்

ஞாயிறு விடிய நிற்க இடமில்லை. ஒரு மாதம் காவல் காத்ததில் எனக்கும் கொஞ்சம் விளையாட்டு விளங்கத் தொடங்கியிருந்தது, எல்லாவற்றையும்விடக் கோல் காக்கிற பெண்ணின் பாடு நன்றாகவே விளங்கியது. நாள் முழுக்க மற்றவர்களைத் தடுத்துக்கொண்டே நிற்கிற பிறவி அவளும். எதிரணிக்குத் தண்டனை உதை கிடைத்தது. கடை மூச்சை அடக்கியது. அவள் பாய்ந்தாள், பந்து அவள் நெஞ்சுக்குள். அப்போது ஒரு குரல் கூரையைப் பிளந்தது: "ஐயோ, பிடிச்சிட்டாளடி!"

அந்தக் குரல் என்னுடையது. ஒரு மாதம் எத்தனையோ பேருடைய வாயைப் பொத்திய கை, என் வாய்க்கு வரப் பிந்திவிட்டது. மேலே கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கியது. மிஷெல் திரையை அணைக்க ரிமோட்டைத் தேடினார். என் பின்னேரங்கள் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்தது.

வீட்டு உடுப்போடு பின்கதவில் நின்ற மதாம் ஒடெட், திரையைப் பார்த்தார், சனத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இதுவா உங்கள் பூசை?" என்றார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. திருநீறு, வடை, விடியற்காலை, குடியில்லாத கூட்டம். பின்கதவின் கீழ்ப்பாதி மரம், மேல்பாதிக் கண்ணாடியில் மாடிப்படியிலிருந்து தெரிவது தூக்கிய கைகள் மட்டும். நான் சொல்லாமல் விழுங்கியதை அவர் தன் பாட்டுக்குப் பூசை என்று நிரப்பியிருக்கிறார். தடுமாறித் தடுமாறி மன்னிப்புக் கேட்டேன். மதாம் மனுவேலின் கதிரையைத் தன் பக்கம் இழுத்துப்போட்டார். "ஒரு ஆட்டம் விடாமல், உங்கள் வழிபாடு கெடக்கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டு மேலே என் ரிவியில் பார்த்தேன். தள்ளி உட்காருங்கள், இனி நான் கத்தப்போகிறேன்."

காலைக் கடை இன்றைக்கும் ஓடுகிறது, பின்னேரங்களில் நானும் மகளும் ஒரே ரிவிக்குச் சண்டை பிடிக்கிறோம், சனிக்கிழமை விடியற்காலையில் ஆட்டம் ஓடும்போது தயவுசெய்து சத்தம் போடவேண்டாம் என்று நான் கெஞ்சவேண்டியவர் இப்போது ஒரே ஒருவர்தான், மதாம் ஒடெட்.