உளியின் முனை எங்கே

டம்ளரில் பெயர் வெட்டப் பழகிய கையால் எதையும் வெட்டிவிடலாம் என்ற மிதப்பில் இருந்தேன். கொண்டாப்பூர் ஃப்ளாட்டில், கணவர் கம்பெனி பஸ் ஏறியதும் எனக்கு அதுதான் வேலை. எங்கள் குடியிருப்பின் தமிழ்க் குடும்பங்களுக்குப் பாத்திரத்தில் பெயர் இல்லாவிட்டால் சீர் கொடுத்த மாதிரியே இருக்காது. இந்தத் தெலுங்கு ஊர்க் கடைக்காரருக்கோ தமிழ் எழுத்து வராது. அதனால் சின்ன உளியும் சுத்தியலும் வாங்கி நானே பழகினேன். சாதா இரும்புத் தகடு சொன்ன பேச்சு கேட்கும். எவர்சில்வர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். கடினமான எஃகு என்றால் ஓரத்தில் அரத்தைத் தேய்த்துப் பார்க்க வேண்டும். அரம் வழுக்கினால் அது உளியையே உடைத்துவிடும், அந்தத் தகட்டைத் தொடக் கூடாது.

அன்று உடைந்த ரம்பத் தகடு ஒன்றை எடுத்தேன். அரம் வழுக்கத்தான் செய்தது. இரண்டு எழுத்துதானே என்று உளியை வைத்து ஓங்கி ஒரு போடு போட்டேன். டிக்கென்று சத்தம். உளியின் முனையைக் காணோம்.

எதிரே என் மூன்று வயது மகள் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் எதையோ மென்றாள்.

விரலை விட்டுத் துழாவினேன், பிஸ்கட். தரையெங்கும் காந்தத்தை ஓட்டினேன். இரும்புத்தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்ததே தவிர, முனை வரவில்லை. முழுங்கினாயா என்று கேட்டேன். ப்ளே ஸ்கூல் தெலுங்கில் "அவுனு" என்று ஆமாம் போட்டாள். முழுங்கவில்லையா என்றேன். அதற்கும் "அவுனு". அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் என் முகத்தைத் தொட வந்தாள். கையைத் தட்டிவிட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

கணவருக்குப் போன் செய்தேன். "நீ உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு. நான் கச்சிபௌலி ஆபீஸ்லேருந்து நேரா அங்க வந்துடறேன்" என்றார். ஆட்டோவில் குழந்தை ஒரு தடவை இருமினாள். எனக்கு உயிர் போய்த் திரும்பியது. அன்று நான் கூப்பிடாத சாமி இல்லை.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆனால் அவர் குழந்தையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். உட்காரச் சொன்னார். இடது கண்ணின் கீழிமையில் இரும்புச் சில்லு மாதிரி ஏதோ குத்திக்கொண்டு நிற்கிறது, கண் டாக்டர் வரும்வரை அசையவோ தேய்க்கவோ கூடாது என்றார். முந்தானையைப் பார்த்தேன். ஆட்டோவில் கண்ணீர் துடைத்த இடமெல்லாம் ரத்தம். இருந்த பதற்றத்தில் வலிகூடத் தெரியவில்லை. குழந்தைக்காக நடுங்கிய உடம்பு இப்போது எனக்காக நடுங்க ஆரம்பித்தது. எவ்வளவு முயன்றும் நிறுத்த முடியவில்லை.