இது என்ற கிட்டார் இல்லீங்க

பாலீஷ் போடுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. சரவணம்பட்டியில் ஆபீஸ் வேலை போக, ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆர்ச்டாப் கிட்டார்களைத் தேடிப் போகிறவன் நான். வயலின் மாதிரி மேல்பலகை மேடாக வளைந்து, இரு பக்கமும் எஃப் வடிவத் துளை இருக்கும் கிட்டார் அது. எந்த ஊரில் செய்தது, எதை எல்லாம் மாற்றியிருக்கிறார்கள் என்று பார்த்து, படம் எடுத்துப் பதிந்து வைப்பேன். பாலீஷ் போட்டால் பாதி அடையாளம் அதோடு போய்விடும்.

பெருந்துறையில், மெல்லிசைக் குழுவில் வாசித்து ஓய்ந்த ஒருவர் வீட்டில் அப்படி ஒன்றை முன்பே பதிந்திருந்தேன். லேபிள் உதிர்ந்துபோயிருந்தது. உள்கட்டையையும் துளை வெட்டிய விதத்தையும் வைத்து ஜெர்மனியில் செய்தது என்று ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். போன மாதம் அவர் மனைவி போன் செய்தார்.

"ஏனுங்க கண்ணு, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. ரிப்பேருக்குக் குடுத்து வாங்குனதுலருந்து இவிய அதத் தொடவே மாட்டேங்கறாங்க. 'இது என்ற கிட்டார் இல்லை'ங்கறாங்க."

போனேன். அந்த அம்மா என்னை வாசலிலேயே நிறுத்திக் குரலைத் தாழ்த்தினார்.

"பையன் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போலாம்ங்கறான். அப்பாவுக்கு மறதி ஆரம்பிச்சிருச்சாம். கடைக்காரன் மாத்திப்போட்டான்னு சொல்லுங்க கண்ணு."

கிட்டார் மாறியிருக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொண்டுதான் உள்ளே போனேன்.

மாறவில்லை. புதுப் பாலீஷ் பளபளவென்று மின்னியது. ஆனால் மர ரேகை என் பழைய படத்தில் இருந்த அதே ரேகை. இடது துளைக்குக் கீழே வளைந்து திரும்பும் வரிகூட அப்படியே இருந்தது.

"பாருங்க தம்பி, ஊமையாட்ட இருக்குது," என்றார் பெரியவர், நாற்காலியை விட்டு எழாமலே.

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. பல் டாக்டர் வைத்திருக்கும் சின்னக் கண்ணாடியைத் துளைக்குள் விட்டுச் சும்மா துழாவினேன். உள்ளே துடைத்து வைத்ததுபோல் இருந்தது. முன்பு துளை வழியாக உள்ளே எடுத்த படத்தைப் போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். அதில் கொஞ்சம் மஞ்சள் அரிசி சிதறிக் கிடந்தது. அதற்குக் கீழே அன்றைக்கு நான் 'குப்பை' என்று எழுதியிருந்தேன்.

அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டார். "ஐயோ, இது நான் போட்ட அட்சதைங்க! ஆயுத பூசைக்கு ஆயுத பூசை பொட்டு வெச்சு மேல தூவுவேன். பாதி ஓட்டைக்குள்ள போயிரும்."

கடைக்காரன் உள்ளேயும் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறான், புண்ணியவான்.

அம்மா சமையலறைக்குப் போய்ப் பச்சரிசியில் மஞ்சள் பிசறிக் கொண்டுவந்தார். இரண்டு துளைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். கிட்டாரைப் பெரியவர் மடியில் வைத்தேன். அவர் காதோடு சேர்த்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சரசரவென்று உருண்டது. தடித்த கம்பியை ஒரு தட்டுத் தட்டினார். நாதத்தின் வாலில் அரிசி மெல்ல அதிர்ந்து அடங்கியது.

"வந்துருச்சு," என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "இந்தச் சத்தமில்லாம நான் எப்புடி அம்மணி இத என்ற கிட்டாருன்னு சொல்லுவேன்?"

அம்மா அங்கேயே நின்று அழுதார். அழுதபடியே மகனுக்குப் போன் போட்டார்.

"டாக்டரெல்லாம் வேண்டாங் கண்ணு. உங்கப்பனுக்கு ஒண்ணுமில்லை. நமக்குக் கேக்காதது அவியளுக்குக் கேட்டிருக்குது."