கையை எடுத்தால் நிற்கும் வண்டி

பொன்னுரங்கம் நாற்காலியில் உட்கார்ந்தால் இடது கை மட்டும் சும்மா இருக்காது. நாற்காலிக் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும். பேசும்போதும் அழுத்தும், பேப்பர் பார்க்கும்போதும் அழுத்தும், கண் அசந்துவிட்டாலும் அழுத்தம் குறையாது.

"நாற்காலி எங்கியும் ஓடிடாதுங்க, கையை எடுங்க" என்பாள் அவர் மனைவி தில்லையம்மாள்.

"எடுத்தா நின்னுடும்டி" என்பார் அவர்.

சென்னையில் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஓடிய மீட்டர்கேஜ் மின்சார ரயிலை அவர் முப்பது வருஷத்துக்குப் பக்கமாக ஓட்டியவர். அந்த வண்டியின் இடதுபக்கக் கைப்பிடியை ஓட்டுகிறவர் அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். கையை எடுத்தால் கரண்ட் அறுந்து, பிரேக் விழுந்து, வண்டி தானாக நின்றுவிடும். ஓட்டுகிறவர் மயங்கி விழுந்தாலும் உள்ளே இருக்கும் ஆயிரம் உயிருக்கும் ஆபத்து வரக்கூடாது என்று செய்த ஏற்பாடு. இடது கை கைப்பிடியில், வலது கை பிரேக்கில். மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வதுதான்.

இதில் அவருக்கு ஒரே ஒரு குறை. பல்லாவரம் தாண்டித் தண்டவாளத்தை ஒட்டினாற்போல் ஒரு சின்ன அம்மன் கோயில். ஒரு வேப்பமரம், ஒரு சூலம், நாலு பேர் நிற்கிற இடம். அம்மன் கோயிலைக் கண்டால் கும்பிடாமல் போகத் தெரியாத மனுஷர் அவர். ஆனால் கை இரண்டும் வேலையில் இருக்கிறதே! தலையை மட்டும் சாய்த்து, "தாயே, பார்த்துக்க" என்று வாய்க்குள் சொல்லிவிட்டுப் போவார். போகும்போது ஒரு சாய்ப்பு, வரும்போது ஒரு சாய்ப்பு.

2004 ஆனி மாதம் அந்த வண்டியை நிறுத்தினார்கள். கடைசி நாள் மாலை போடவும் படம் பிடிக்கவும் கூட்டமான கூட்டம். பின்னால் கார்டு பெட்டியில் இருந்தவர் லூர்துசாமி. கடலூர் முதுநகர்க்காரர். அவர் மணியை இரண்டு தட்டுத் தட்டினால் பொன்னுரங்கம் கிளப்புவார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே, மணிச் சத்தத்திலேயே பல வருஷம் பேசிக்கொண்டவர்கள். அன்றும் அம்மன் கோயில் வந்தது. அன்றும் தலையைத்தான் சாய்க்க முடிந்தது. அந்த மாதமே பணி ஓய்வும் வந்துவிட்டது. சொந்த ஊரான கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்து, காலையில் பாடலீஸ்வரர் கோயில், மாலையில் லூர்துசாமியோடு பேச்சு என்று நாள் போயிற்று.

என்ன பேச்சு? மழைத் தூற்றலில் கம்பிக்கும் வண்டிக்கும் நடுவே நீலமாகத் தெறித்த பொறி. கிளம்பும்போது அடித்தொண்டையில் ஆரம்பித்து மேலே மேலே ஏறிப்போகும் மோட்டார் சத்தம். சாயங்கால வண்டியில் ஏறுகிற பூக்காரிகள் இறங்கிய பிறகும் இறங்காத மல்லிகை வாசம். எல்லாம் பேசி முடித்து, "ஒரே ஒரு தரம், இன்னும் ஒரு தரம் அந்தக் கைப்பிடியைத் தொட்டுட்டா போதும் லூர்து" என்பார் பொன்னுரங்கம்.

"அதெல்லாம் இரும்புக்கடைக்குப் போயி தோசைக்கல்லா திரும்பி வந்துடுச்சிண்ணே" என்பார் லூர்துசாமி.

ஆனால் தோசைக்கல் ஆகவில்லை. அந்த வண்டியில் தினமும் கல்லூரிக்குப் போன சிவபிரசாத் என்ற பையன், ஓட்டுநர் அறைக் கதவுக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே படிப்பை முடித்தவன், வேலைக்குப் போய்ப் பெரிய ஆளாகி, மின்சார ரயில், டிராம் வண்டிப் பிரியர்கள் சங்கம் ஒன்றுக்குச் செயலாளராக இருந்தான். பழைய இரும்பு ஏலத்தில் அந்தக் கைப்பிடியை அதன் இரும்புப் பீடத்தோடு வாங்கிவிட்டான். மேஜைமேல் தண்டவாளம் போட்டு, முழங்கை நீள ரயில் ஒன்றைச் செய்து, அந்தக் கைப்பிடியாலேயே ஓடும்படி இணைத்தும்விட்டான். சங்கத்தின் மாநாட்டில் குத்துவிளக்கு ஏற்றும் வழக்கம் இல்லை. வந்திருப்பவர்களில் யாராவது ஒரு பழைய ஓட்டுநர் அந்தச் சின்ன வண்டியை ஒரு சுற்று ஓட்டினால் மாநாடு தொடங்கியதாகக் கணக்கு.

2011இல் கல்கத்தாவில் நடந்த மாநாட்டுக்குச் சிவபிரசாத் பொன்னுரங்கத்தை அழைத்துப்போனான். அங்கே டிராம் ஓட்டிய பெரியவர் ஒருவர் கைப்பிடியைப் பிடிக்க, பொன்னுரங்கத்துக்கு உள்ளங்கை குறுகுறுத்தது. விடைபெறும்போது, நம் ஊர்ப் பக்கம் யாரும் யாருக்கும் சொல்வதுபோல், "நம்ம ஊருக்கு ஒரு தரம் வாங்க, எல்லாரும் வாங்க" என்று கைகூப்பிச் சொன்னார். சிவபிரசாத் அதை இங்கிலீஷில் சொன்னான். சபையே எழுந்து கைதட்டியது. அடுத்த மாநாடு கடலூரில் என்று முடிவாகிவிட்டது. ஓட்டப்போவது பொன்னுரங்கம் என்றும் முடிவாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து சொன்னபோது தில்லையம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"வாங்கன்னு ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானே? இருநூறு பேருமா கிளம்பிடுவாங்க?"

"அவுங்க ஊர்ல வாங்கன்னா வாங்கதானாம்."

லூர்துசாமி சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. "கரண்ட் ரயிலே வராத ஊர்ல கரண்ட் ரயில் மாநாடா? வர்றவனுக்கு எதைக் காட்டுவ? டீசல் புகையையா?"

"நெய்வேலி எந்த ஜில்லாவுல இருக்குது? வண்டி இங்க வரலைன்னாலும் அது திங்கிற சோறு நம்ம பக்கத்துலேந்துதாம்பா போவுது" என்றார் பொன்னுரங்கம்.

ஏற்பாடுகளைத் தில்லையம்மாளின் தம்பி சடையப்பன் தலைமேல் போட்டுக்கொண்டான். சிதம்பரத்தில் சொந்தமாகக் கல்யாண மண்டபம் வைத்திருப்பவன். அவனுக்குத் தெரிந்த ஒரே விசேஷம் கல்யாணம். அழைப்பிதழின் தலையில் நடராஜர், நாலு மூலையிலும் மஞ்சள், கீழே 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று சொந்தக்காரர் அத்தனை பேர் பெயரும் வந்துவிட்டன. தை மாதத்தின் ஒரு சனிக்கிழமை. திருப்பாதிரிப்புலியூரில் மண்டபம், ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் சுவாமி தரிசனம், பிச்சாவரத்தில் படகு.

மார்கழி முடியும் முன்பே தானே புயல் வந்தது.

அந்த ராத்திரியைக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடிந்து கதவைத் திறந்தால் தெருவில் மரம் கிடந்தது, மரத்தின்மேல் கம்பம் கிடந்தது. மாநாட்டு மண்டபத்துக் கூரைத் தகடுகள் எங்கே போய் விழுந்தன என்றே தெரியவில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை. பாடலீஸ்வரர் சந்நிதியில் மட்டும் அகல் எரிந்தது.

பொன்னுரங்கம் போனுக்குச் சார்ஜ் ஏற்ற ஒரு கடை வாசலில் வரிசையில் நின்று, சிவபிரசாத்தைக் கூப்பிட்டார். "வேணாம் தம்பி. எல்லாரையும் நிறுத்திடு."

"சார், ஒருத்தரும் டிக்கெட்டைக் கேன்சல் பண்ண மாட்டேங்குறாங்க. போர்வை, அரிசி, மெழுகுவத்தி எல்லாம் எடுத்துக்கிட்டு வர்றேங்கறாங்க. உக்கார ஒரு எடம் மட்டும் குடுங்க."

இடம் சிதம்பரத்துக்கு மாறியது. சடையப்பன் மண்டபத்துக்குக் காயம் இல்லை. டவுன் லைனில் கரண்டும் முறைபோட்டு வர ஆரம்பித்திருந்தது. அதைவிட முக்கியம், மண்டபத்தில் ஒரு ஜெனரேட்டர் இருந்தது. வண்டி ஓடும் என்று பொன்னுரங்கத்துக்குத் தைரியம் வந்தது.

மாநாட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவர் தெருப் பெண்கள் நாலைந்து பேர் காலிக் குடத்தோடு வாசலில் வந்து நின்றார்கள். மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்குக் கரண்ட் இல்லை. வாடகைக்கு வைத்திருந்த ஜெனரேட்டரும் அன்றோடு பழுது. "உங்க மச்சான் மண்டபத்துல ஒண்ணு இருக்குதாமே மாமா" என்றாள் ஒருத்தி, தரையைப் பார்த்துக்கொண்டு.

பொன்னுரங்கம் நாற்காலிக் கையை ஒருதரம் அழுத்தினார். பிறகு சடையப்பனைப் போனில் கூப்பிட்டார்.

"மச்சான், ஜெனரேட்டரை டிராக்டர்ல ஏத்தி அனுப்பிடு."

"மாமா! சனிக்கிழமை கரண்ட் நின்னுட்டா? இன்வெர்ட்டர் மைக்குக்கே பத்தாது. அந்தச் சின்ன ரயிலு எதுல ஓடும்? எட்டு வருசமா அதையே பேசிக்கிட்டிருந்தீங்களே!"

"நடராஜர் இருக்கிற ஊர்தானேப்பா. அவரு பார்த்துப்பாரு. நீ ஏத்து."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் தில்லையம்மாள் அப்பளம் ஒன்று கூடுதலாக வைத்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. கல்கத்தாக்காரர்களும் பம்பாய்க்காரர்களும் மூட்டை மூட்டையாகப் போர்வையும் அரிசியும் கொண்டுவந்து இறக்கினார்கள். சந்தனம், கற்கண்டு, பன்னீர் தெளிப்பு எல்லாம் ஆனதும் கல்கத்தா டிராம் பெரியவர், பெண் மாப்பிள்ளை எங்கே என்று ஜாடையில் கேட்டார். சடையப்பன் மேடையில் இருந்த கைப்பிடியைக் காட்டி, "அது பொண்ணு" என்றான். பொன்னுரங்கத்தைக் காட்டி, "இவரு மாப்பிள்ளை" என்றான்.

ஒன்பது மணிக்குக் கரண்ட் வந்தது. பதினொன்று வரை இருக்கும் என்று தகவல். சிவபிரசாத் ஓடி வந்தான். "சார், இப்பவே ஓட்டிடலாம்."

"ராகுகாலம் ஆரம்பிச்சிடுச்சே தம்பி. பத்தரை ஆவட்டும்."

லூர்துசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் ராகுவுக்கும் கேதுவுக்கும் கரண்ட் காத்துக்கிட்டிருக்குமா? இதோட எப்ப வருமோ! கைக்கு வந்ததை ஓட்டிடுண்ணே!"

"நீ பெரிய வெள்ளிக்கிழமை கோழி அடிப்பியா?"

லூர்துசாமி போய் மணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பழைய கார்டு மணி ஒன்றையும் சிவபிரசாத் தேடிப்பிடித்து வைத்திருந்தான். சபை முழுக்க மேலே சுற்றுகிற மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நின்றால் எல்லாம் நின்றது. நடுவில் ஒருதரம் விசிறி மெதுவாகியது. இருநூறு பேரும் மூச்சைப் பிடித்தார்கள். மறுபடி வேகம் எடுத்தது. பொன்னுரங்கம் கண்ணை மூடி வாய்க்குள் சிவபுராணம் சொல்லிக்கொண்டிருந்தார். தில்லையம்மாள் பெண்கள் பக்கத்திலிருந்து அவர் இடது கையைப் பார்த்தாள். அது சும்மா மடியில் கிடந்தது. அவளுக்கு அது பயமாக இருந்தது.

பத்தரை தாண்டியது. கரண்ட் இருந்தது. பொன்னுரங்கம் எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு மேடை ஏறினார். கைப்பிடியைத் தொட்டார். பித்தளை தேய்ந்த இடத்தில் உள்ளங்கை போய்த் தானாக உட்கார்ந்தது. அழுத்தினார்.

லூர்துசாமி இரண்டு தட்டுத் தட்டினார்.

வண்டி அடித்தொண்டையில் முனகிக்கொண்டு கிளம்பியது. நிஜ வண்டியின் சத்தம் இல்லைதான், குட்டிச் சத்தம். ஆனால் அதே ஏற்றம். தாம்பரம் என்று எழுதிய பலகை போயிற்று, குரோம்பேட்டை போயிற்று. பல்லாவரம் தாண்டிய வளைவில், வண்டிக்கு இடப்பக்கம், தீப்பெட்டி அளவில் ஒரு கோயில் இருந்தது. ஒரு வேப்பிலைக் கொத்து மரமாக நின்றது. ஊசியை வளைத்துச் செய்த சூலம். கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்ற பையன், ஓட்டுகிறவர் தினமும் எந்த இடத்தில் தலை சாய்த்தார் என்பதையும் பார்த்துத்தான் வைத்திருந்தான்.

வண்டி நின்றுவிட்டது.

"போச்சுடா!" என்றான் சடையப்பன். "கரண்ட் போயிடுச்சு!" சபையில் ஓவென்று ஒரு சத்தம். சிவபிரசாத் தலையில் அடித்துக்கொண்டான். தில்லையம்மாள் மட்டும் மேலே பார்த்தாள். விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. பிறகு மேடையைப் பார்த்தாள்.

பொன்னுரங்கத்தின் இரண்டு கையும் கைப்பிடியில் இல்லை. தலைக்குமேல் கூப்பியிருந்தன.

ஒவ்வொருவராகக் கவனித்தார்கள். விஷயம் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். சத்தம் அடங்கிப்போயிற்று. கல்கத்தாப் பெரியவரும் எதற்கென்று தெரியாமலே கைகூப்பினார். பொன்னுரங்கத்துக்கு எதுவும் காதில் விழவில்லை. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று விட்டுப்போனதெல்லாம் சேர்த்து, நிதானமாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவும் இல்லை.

லூர்துசாமிதான் பொறுக்கமாட்டாமல் குரல் கொடுத்தார். "அண்ணே, வண்டி லேட்டுண்ணே! கார்டு நானு, லேட்டுக்குக் காரணம் எழுதணும். என்னான்னு எழுத?"

"அம்மன் கோயில்ல நின்னுச்சுன்னு எழுது."

"முப்பது வருசத்துல ஒரு நாளும் நிக்கலையே?"

"அதான் இன்னிக்கி நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு, பொன்னுரங்கம் வேட்டி நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இடது கையை மறுபடி கைப்பிடியில் வைத்தார்.

லூர்துசாமி இரண்டு தட்டுத் தட்டினார்.